எந்த ஓட்டையில் எந்த ஒயர்?

வாசகர் கேள்வி பதில்: ஒலிபெருக்கிப் பக்கம்

போன இதழில், "சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டி வைத்திருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பார்த்தால் பினாங்கு முதல் கோலாலம்பூர் வரை கரகரக்காத பெட்டியே கிடையாது போலிருக்கிறது. நான் பட்டர்வொர்த்தில் சவுண்டு வாடகைக்கு விடுகிறவன். பதினாறு வயதில் மாமாவின் வேனில் ஏறி, குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டப் போனேன், இன்னும் இறங்கவில்லை. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வுக்கு மேல் படிக்கவில்லை. மற்றதை மாமா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். அதனால் பதிலில் அங்கங்கே குட்டு விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் எங்களுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தது. பேச்சுப் போட்டியில் மைக்கைச் செருகினால் இரண்டாவது வரிசைக்கே கேட்கவில்லை. வால்யூமை முழுக்கத் திருகினால் 'உஸ்' என்று இரைகிறது. அதே பெட்டியில் கீபோர்டைச் செருகினால் சத்தம் கிழிகிறது. பெட்டி பழுதா, ஐயா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பிறை

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, டீச்சர். இரண்டு ஒயரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மைக் லைன் ஓட்டையில் இருக்கிறது, கீபோர்டு மைக் ஓட்டையில் இருக்கிறது. ஜாக் நுழைகிறதே என்று செருகிவிடுகிறோம். ஓட்டை ஒரே அளவில் இருக்கலாம், ஆனால் உள்ளே காத்திருப்பது வேறு.

சாதாரண மேடை மைக்குக்குள் (டைனமிக் மைக் என்பார்கள்) என்ன இருக்கிறது? மெல்லிய ஒரு சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றி ஒரு காந்தம். குரல் பட்டுச் சவ்வு அசையும்போது துளியூண்டு மின்சாரம் பிறக்கும். துளி என்றால் எவ்வளவு? 1966-இல் வந்து இன்றைக்கும் மேடைக்கு மேடை கிடக்கிற ஷூர் எஸ்எம்58-ஐயே எடுத்துக்கொள்வோம். 94 டெசிபெல் ஒலி அதன் முகத்தில் பட்டால் அது தருவது 1.85 மில்லிவோல்ட். வாயருகே பிடித்து ஓங்கிப் பாடினால் அதைப்போலப் பத்து மடங்கு வரலாம். அப்போதும் அது மில்லிவோல்ட்தான்.

கீபோர்டு, மிக்ஸர், சிடி பிளேயர் எல்லாம் தருவது லைன் அளவு. வீட்டுச் சாமான்களுக்கு மைனஸ் 10 டிபிவி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அது 0.316 வோல்ட். மேடைச் சாமான்களுக்கு பிளஸ் 4 டிபியு, அது 1.23 வோல்ட். 1.85 மில்லிவோல்ட்டையும் 1.23 வோல்ட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 660 மடங்குக்கு மேல் வித்தியாசம்!

அதனால்தான் மைக் ஓட்டைக்குப் பின்னால் உடனே ஒரு பெருக்கி உட்கார்ந்திருக்கும். வருவதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு ஆக்குவது அதன் வேலை. டெசிபெல் கணக்கில் 40, 60. லைன் ஓட்டையில் அது இல்லை. அங்கே மைக்கைச் செருகினால் என்ன ஆகும்? உங்கள் வகுப்பையே நினைத்துக்கொள்ளுங்கள். கூச்சமுள்ள பிள்ளை கடைசி பெஞ்சிலிருந்து மெல்லப் படிக்கிறாள். அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தாமல், வகுப்பு முழுவதன் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கினால், அவள் குரலோடு பெஞ்சு கிரீச்சிடுவதும் மின்விசிறி கடகடப்பதும் சேர்ந்து பெரிதாகும். அந்த 'உஸ்' எங்கிருந்தோ வந்ததல்ல, பெட்டிக்குள் எப்போதும் இருப்பது. குரல் சின்னதாக நுழைந்ததால் அது வெளியே தெரிகிறது.

கீபோர்டு கதை நேர் எதிர். ஏற்கனவே பெரிதாக வந்ததை அந்தப் பெருக்கி இன்னும் நூறு மடங்கு ஆக்கப் பார்க்கிறது. அதனிடம் இருப்பதே பத்துப் பதினைந்து வோல்ட். அதற்கு மேல் போக முடியாமல் அலையின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. கிழிகிறது என்று நீங்கள் எழுதியது அந்த வெட்டைத்தான். வால்யூமைக் குறைத்தால் சரியாகிவிடாதா? ஆகாது. வால்யூம் குமிழ் இருப்பது அந்தப் பெருக்கிக்கு அப்புறம். குறைத்தால் கிழிந்த சத்தம் கொஞ்சம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். சட்டை கிழிந்த பிறகு மடித்து வைப்பது மாதிரி.

சரி, என்ன செய்வது? பெட்டியின் பின்பக்கத்துக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். மைக் என்று எழுதியது ஒன்று, லைன் அல்லது ஆக்ஸ் என்று எழுதியது ஒன்று இருக்கும். சில பெட்டிகளில் ஒரே ஓட்டைதான், பக்கத்தில் மைக்/லைன் என்று சின்னச் சுவிட்ச் இருக்கும். அதைத் தட்டுவதற்கு முன் வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர் எழுந்து நின்றுவிடுவார்.

கெயின் என்று தனிக் குமிழ், அதாவது அந்த மைக் பெருக்கியையே கூட்டிக் குறைக்கிற குமிழ், இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளையை மேடையில் ஏற்றி, போட்டியில் பேசப்போகிற அதே குரலில் பேசச் சொல்லுங்கள். "ஹலோ, செக், ஒன் டூ" என்று முணுமுணுத்துப் பார்ப்பதில் பயனில்லை. அப்படி யாரும் பேச்சுப் போட்டியில் பேசுவதில்லை. உச்சத்தில் பேசும்போது சிவப்பு விளக்கு மினுக்கும் வரை கெயினை ஏற்றுங்கள், மினுக்கியதும் கொஞ்சம் பின்வாங்குங்கள். அங்கேயே விட்டுவிட்டு, கூடம் நிறையும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள்தான் நாள் முழுக்கக் குமிழோடு மல்லுக்கட்டுவார்கள்.

இன்னொன்று. தனி மிக்ஸர் வைத்து அதிலிருந்து பெட்டிக்கு ஒயர் இழுத்தால், மிக்ஸரில் நுழைந்தது மைக்காகவே இருந்தாலும் அதிலிருந்து வெளியே வருவது லைன். பெட்டியில் லைன் ஓட்டைதான். போன வருடம் இதே தப்பைச் செய்த ஒரு மண்டபத்தில் புது ஸ்பீக்கரையே மாற்றியிருந்தார்கள். நான் போய்ச் செய்தது சுவிட்சைத் தட்டியது மட்டும். கூலி கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

கைப்பேசியிலிருந்து பக்திப் பாட்டுப் போடுகிறோம். இசை வருகிறது, பாடகர் குரல் மட்டும் காணாமல் போகிறது! கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் எதிரொலி மட்டும் லேசாக வருகிறது. வேறு பெட்டியில் அதே பாட்டு நன்றாக இருக்கிறது. இது என்ன மாயம்?
– பஜனைக் குழு உறுப்பினர், செந்தூல்

மாயம் இல்லை, கழித்தல் கணக்கு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஏனென்றால் இதே கணக்கில் ஒரு கல்யாணத்தில் நானே மாட்டியிருக்கிறேன். மணப்பெண் மண்டபத்துக்குள் நுழைகிறாள், பாட்டைப் போடுகிறேன், நாதமும் தாளமும் வருகின்றன, பாடகியைக் காணோம். கரோக்கி போட்டுவிட்டேன் என்று நினைத்து மாப்பிள்ளையின் அத்தை மைக்கை வாங்கிப் பாடவே ஆரம்பித்துவிட்டார். நல்ல வேளை, நன்றாகப் பாடினார்.

உங்களிடம் இருப்பது ஒரு முனையில் கைப்பேசிக்கான சின்ன 3.5 மில்லிமீட்டர் ஜாக், மறுமுனையில் மூன்று முள் எக்ஸ்எல்ஆர், அல்லது இரண்டு கறுப்பு வளையம் போட்ட பெரிய ஜாக் உள்ள ஒயராக இருக்க வேண்டும். எக்ஸ்எல்ஆரை எங்கள் ஆட்கள் கேனன் என்பார்கள்.

கைப்பேசி அந்த ஜாக்கின் நுனியில் இடது பக்க ஒலியை அனுப்புகிறது, நடு வளையத்தில் வலது பக்க ஒலியை. பெட்டியின் மைக் இன்புட் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. அது பேலன்ஸ்டு இன்புட். அதற்கு வரும் இரண்டு கம்பியிலும் ஒரே ஒலிதான், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக வரும் என்று நம்பிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. வழியில் இரண்டு கம்பியிலும் சமமாக ஒட்டிக்கொண்ட இரைச்சல் கழிபட்டுப் போகும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மைக்குக்கு அருமையான ஏற்பாடு.

பாட்டில் பாடகர் குரலைப் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள், அதாவது இடத்திலும் வலத்திலும் சம அளவு. கழித்தால்? சுழியம். ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்த வயலினும் தபேலாவும் மிஞ்சும், குரலின் எதிரொலியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத பகுதி மிஞ்சும். கிணற்றுக்குள் கேட்கிறதே, அதுதான். கெட்டிக்காரத் தம்பி ஒருவர் இதற்குக் கைப்பேசி அமைப்பில் போய் மோனோ ஆடியோவைப் போட்டுவிட்டார். இரண்டு பக்கமும் அச்சாக ஒரே ஒலியாகிவிட்டதால், இருந்த இசையும் போய் முழு மௌனம்!

சரியான வழி, ஒரு முனையில் சின்ன ஸ்டீரியோ ஜாக்கும் மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ ஜாக்கும் உள்ள ஒயர். இடது ஒரு சேனலுக்கு, வலது ஒரு சேனலுக்கு. பெட்டியில் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஓட்டை இருந்தால் அதற்கேற்ற ஒயர். இரண்டையும் ஒன்றாக முறுக்கி ஒரே ஓட்டையில் போடாதீர்கள். கைப்பேசியின் இரண்டு வெளியீடும் ஒன்றோடொன்று மோதும். ஒரே சேனல்தான் மிச்சம் என்றால், சாலிடர் பிடிக்கத் தெரிந்தவரிடம் சொல்லி இரண்டு கம்பியிலும் ஆளுக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு அதற்கு அப்புறம் சேர்க்கச் சொல்லுங்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான்.

கைப்பேசியின் வால்யூமை முக்காலுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குறைத்து இங்கே ஏற்றினால் பிறை டீச்சருக்கு வந்த அதே 'உஸ்' உங்களுக்கும் வரும். அப்புறம், பாட்டுக்கு நடுவில் யாராவது போன் செய்தால் அது சாமிக்கும் கேட்கும். விமானப் பயண நிலையில் போட்டுவிடுங்கள்.

வீணையில் ஒட்டுகிற கான்டாக்ட் மைக் வாங்கினேன். பெட்டியின் லைன் இன்புட்டில் போட்டால் வீணை தகர டப்பா மாதிரி கேட்கிறது. மந்தர ஸ்தாயியே இல்லை. மைக் இன்புட்டில் போட்டாலும் அப்படித்தான். மைக் தரமில்லையா?
– வீணை ஆசிரியை, பிரிக்ஃபீல்ட்ஸ்

அம்மா, இந்த முறை அளவு மட்டும் காரணம் இல்லை. பெயர் மைக் என்றாலும் நீங்கள் ஒட்டியது மைக் வகையும் இல்லை, லைன் வகையும் இல்லை. மூன்றாவது சாதி அது, வாத்திய அளவு என்போம். ஒட்டுகிற அந்த வில்லை பீசோ என்கிற பொருள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும், ஆனால் அதிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சினால் சோர்ந்துவிடும். பெட்டியின் மைக் இன்புட்டின் தடை ஏறக்குறைய 2 கிலோ ஓம், லைன் இன்புட் சாதாரணமாக 10 கிலோ ஓம் சுற்றி. தடை குறையக் குறைய உறிஞ்சல் கூடும், இரண்டுமே உறிஞ்சும் ரகம்.

எது முதலில் போகும் என்றால் கீழ் ஸ்தாயிதான். பீசோ மின்சாரக் கணக்கில் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். உதாரணத்துக்கு 15 நானோஃபாரட் உள்ள வில்லையை 10 கிலோ ஓம் வாசலில் சேர்த்தால், சுமார் 1,060 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய ஆரம்பிக்கும். வீணையின் உடம்பே அதற்குக் கீழேதானே இருக்கிறது. அதே வில்லையை 1 மெகா ஓம் வாசலில் சேர்த்தால் அந்த எல்லை 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காதுக்கு எட்டாத ஆழம் அது, எதுவும் போகாது. உங்கள் வில்லை வேறு அளவாக இருக்கலாம், கணக்கு இதேதான். வில்லை சின்னதாகச் சின்னதாக அதற்குத் தேவையான தடையும் கூடும். சிலதற்கு 10 மெகா ஓம்கூடத் தேவைப்படும்.

நீங்கள் வாங்க வேண்டியது டி.ஐ. பெட்டி, வாத்தியத்திடம் அதிகம் உறிஞ்சாமல் வாங்கி ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்புகிற இடைத்தரகர். சோப்புப் பெட்டி அளவில் இருக்கும். கடையில் "ஆக்டிவ்" என்று கேட்டு வாங்குங்கள், 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. பேட்டரி வேண்டாத பாஸிவ் வகையும் உண்டு, விலையும் குறைவாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். 12-க்கு 1 சுற்று விகிதம், வாசல் 140 கிலோ ஓம் போல. கீபோர்டுக்குத் தங்கமான சாமான். பீசோவுக்குப் போதாது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வீணையிலிருந்து டி.ஐ. வரை ஒயர் நீளமாக வேண்டாம், இரண்டு மூன்று மீட்டர் போதும். டி.ஐ.யிலிருந்து பெட்டிக்கு எக்ஸ்எல்ஆர் ஒயர் நீளமாகவே போகலாம். அது போய்ச் சேர வேண்டியது மைக் இன்புட், லைன் இல்லை. டி.ஐ. பெட்டி சிக்னலை மைக் அளவுக்கு இறக்கித்தான் அனுப்பும். இதை மறந்துவிட்டு, "டி.ஐ. வாங்கியும் சத்தமே இல்லை" என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.

சொந்த அபிப்பிராயம் ஒன்று. ஐம்பது பேர் உட்காரும் கூடத்தில் வீணைக்கு ஒட்டு மைக்கே வேண்டாம். நல்ல மைக் ஒன்றைக் குடத்துக்கு முன் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். மீட்டு விரல் படுகிற சத்தமும் சேர்ந்து வரும், அதுதானே வீணை.

அண்ணே, நாங்கள் உறுமி மேளம் செட்டு. பெட்டியில் மைக் போட்டால் அடி விழும்போதெல்லாம் பொறிகிறது. கெயினைக் கடைசி வரைக்கும் குறைத்தாச்சு, அப்பவும் பொறிகிறது. லைனில் போட்டால் உறுமல் சுத்தமாகக் கேட்கவில்லை.
– உறுமி மேள இளைஞர், செலாயாங்

தம்பி, முதலில் ஒரு கேள்வி. உறுமிக்கு எதற்கு மைக்? பத்துமலையில் 272 படிக்குக் கீழே அடித்தால் மேலே குகைக்குள் இருக்கிறவருக்குக் கேட்கும். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

மேலே சொன்ன 1.85 மில்லிவோல்ட் 94 டெசிபெலுக்கு. ஒலி 20 டெசிபெல் கூடினால் மின்னழுத்தம் பத்து மடங்கு. தோலுக்கு மிக அருகே மைக்கை வைத்து, அடியின் உச்சம் 134 டெசிபெலைத் தொட்டால் அதே மைக் 185 மில்லிவோல்ட் தரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் பெட்டியின் மைக் பெருக்கி மிகக் குறைந்த நிலையிலும் கணிசமாகப் பெருக்குகிறது. 100 மடங்கு என்றால் 18 வோல்ட் ஆக வேண்டும். இடம் ஏது?

இதற்கென்றே பேட் என்று ஒரு சாமான் விற்கிறார்கள், விரல் நீளக் குழாய், இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர். மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் போட்டால் 20 டெசிபெல் குறைக்கும், அதாவது பத்தில் ஒன்றாக்கும். பொறிதல் அங்கேயே நிற்கும். அதுவரைக்கும் மைக்கைப் பின்னால் தள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். ஒரு சாணை இரண்டு சாண் ஆக்கினால் 6, நான்கு சாண் ஆக்கினால் 12. காசில்லாத பேட்.

ஆனால் உறுமிக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் அடி, மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அடிக்கு ஏற்ற மாதிரி அளவை வைத்தால் தேய்க்கிற உறுமல் மூழ்கிவிடும். லைனில் போட்டபோது நடந்ததும் அதுதான். மைக் ஒன்றே ஒன்றுதான் என்றால் அதைத் தேய்க்கிற பக்கம் வையுங்கள். அடி தானாகவே வந்து சேரும், அதைக் கூப்பிட வேண்டியதில்லை. இரண்டு மைக் இருந்தால் அடிப் பக்கத்துக்கு மட்டும் பேட். டைனமிக் மைக்கே போடுங்கள். வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டிய கண்டென்சர் மைக் கல்யாணக் கச்சேரிக்கு இருக்கட்டும்.

கோவிலில் குழாய் ஸ்பீக்கர் ஓடும் பழைய ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதன் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒயர் எடுத்துப் புதுப் பெட்டியில் செருகலாமா?
– கோவில் செயலாளர், ஜோர்ஜ் டவுன்

வேண்டாம். குழாய் ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் 100 வோல்ட் லைன். பெயரில் லைன் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், புதுப் பெட்டி எதிர்பார்ப்பது ஒரு வோல்ட். பெட்டி போகும், கையும் அதிரும். பழைய ஆம்ப்ளிஃபையரின் பின்னால் லைன் அவுட் அல்லது ரெக் அவுட் என்று இருந்தால் அங்கிருந்து எடுங்கள். இல்லையென்றால் மைக்கை முதலில் சின்ன மிக்ஸருக்குக் கொண்டு வந்து, அதிலிருந்து இரண்டுக்கும் பிரியுங்கள்.

மடிக்கணினியைப் பெட்டியில் சேர்த்தால் 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது.
– கல்லூரி மாணவர், பாயான் லெப்பாஸ்

பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் முனகல் அது. சார்ஜரின் எர்த் வழியாகவும் பெட்டியின் எர்த் வழியாகவும் ஒரு வட்டம் உண்டாகி, ஆடியோ ஒயரின் வெளிக்கம்பியே அந்த வட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டி ஒன்று போட்டு, அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், அது ஆடியோ ஒயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும். ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் பேட்டரியிலேயே ஓட்டிவிடுங்கள், செலவில்லை.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்தால் ரீங்காரம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும். கூடவே உயிரும் போகலாம். இரண்டு முள் பிளக்கை நுழைக்க எர்த் ஓட்டையில் பேனாவை விட்டு நெம்புகிற நம் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். மாமா குட்டியதிலேயே பலமான குட்டு இதற்குத்தான் விழுந்தது, நாற்பது வருடம் ஆகியும் இடம் ஞாபகம் இருக்கிறது.

மிக்ஸரில் 48 வோல்ட் என்று ஒரு பொத்தான். தெரியாமல் அழுத்திவிட்டேன். சாதாரண மைக் எரிந்துவிடுமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

எரியாது. அது கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கிற பொத்தான். அந்த 48 வோல்ட் எக்ஸ்எல்ஆரின் 2-ஆம் முள், 3-ஆம் முள் இரண்டிலும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சமமாக ஏறுகிறது. டைனமிக் மைக்கின் சுருள் அந்த இரண்டு முள்ளுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் ஓடுவதற்கு எதுவும் இல்லை. ஒயர் ஒழுங்காக இருந்தால் சரி. ஆனால் செந்தூல்காரர் வைத்திருக்கும் அந்தக் கைப்பேசி ஒயரைச் சேர்த்துக்கொண்டு இந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். கைப்பேசி கெட்டுப்போக வாய்ப்புண்டு.

ஒயர்லெஸ் மைக் வாங்கினேன். பேசினால் சிலசமயம் மெதுவாக, சிலசமயம் கரகரவென்று. ஒரே பெட்டி, ஒரே மைக்.
– வாசகர், பூச்சோங்

ரிசீவரின் முதுகைப் பாருங்கள். பல மாடல்களில் இரண்டு வெளியீடு இருக்கும், எக்ஸ்எல்ஆர் ஒன்று, பெரிய ஜாக் ஒன்று. எக்ஸ்எல்ஆரில் வருவது பொதுவாக மைக் அளவு, ஜாக்கில் வருவது அதைவிடப் பெரிது. சிலதில் மைக்/லைன் சுவிட்சும் உண்டு. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஆள் வேறு வேறு ஓட்டையில் செருகுகிறார் என்று நினைக்கிறேன். ஒன்றை முடிவு செய்து, மற்றதை டேப் போட்டு மூடிவிடுங்கள். எங்கள் வேனில் பாதிச் சாமான் கறுப்பு டேப்பில்தான் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் கரகரத்தால் கைமைக்கின் பேட்டரியை மாற்றுங்கள்.

பெட்டியில் 3000 வாட் என்று ஒட்டியிருக்கிறது, நம்பி வாங்கலாமா?
– வாசகர், கெப்போங்

அந்தப் பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் 84 வாட்-மணி. உண்மையிலேயே 3000 வாட் எடுத்தால் இரண்டு நிமிடத்துக்குள் பேட்டரி காலி, ஒரு பாட்டுக்கூட முடியாது. கடையில் பின்பக்கம் திருப்பச் சொல்லி, மைக்குக்கும் லைனுக்கும் தனித்தனி ஓட்டை இருக்கிறதா, கெயின் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மைக்கையே கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பேசிப் பாருங்கள். முன்பக்க ஸ்டிக்கரைப் பேரப்பிள்ளைகள் உரித்து விளையாடட்டும்.